ஏட்டில் அருந்ததிக்கு ஒரு கட்டம்

எங்கள் கல்லூரி மாடியில் ஒரு சிறிய வானாய்வுக் கூடம் இருக்கிறது. மதுரை நகருக்குள் இருப்பதால் அதன் தொலைநோக்கி நிலாவையும் சனிக்கோளையும் நன்றாகவே காட்டும். ஓரியன் நெபுலாவைத் தேடினாலோ, துடைக்காத கண்ணாடியில் படிந்த சாம்பல்போல ஏதோ ஒன்றுதான் தெரியும். வானம் எவ்வளவு வெளுத்துப்போயிருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா என்று மாணவி ஒருத்தி கேட்ட நாளிலிருந்து, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் வானத்தின் ஒளியை அளந்து ஏட்டில் குறித்து வருகிறேன்.

அளப்பதற்கு நான் பயன்படுத்துவது உள்ளங்கையில் அடங்கும் ஸ்கை குவாலிட்டி மீட்டர். அதை உச்சி வானத்தை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் ஓர் எண் வரும். அந்த எண்ணின் அலகுதான் சற்று வினோதமானது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் கிடைப்பது ஒரு பாகை நொடி. முழுநிலவின் விட்டமே ஏறத்தாழ 1,800 பாகை நொடி. ஒவ்வொரு பக்கமும் ஒரு பாகை நொடி உள்ள ஒரு துளிச் சதுர வானத்திலிருந்து வரும் ஒளி, எத்தனையாவது பொலிவெண் கொண்ட விண்மீனின் ஒளிக்குச் சமம் என்பதையே மீட்டர் சொல்கிறது. பொலிவெண் என்பது விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்; அது கூடக்கூட ஒளி குறையும். 5 பொலிவெண் வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு வேறுபாடு. இந்தக் கணக்கை 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று வந்து, 1891இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார் என்பது எனக்கு ஒரு சிறு பெருமை. அந்த ஆய்வகத்தின் பணிதான் 1899இல் நம் கொடைக்கானல் மலைக்கு ஏறிப்போனது.

நிலவும் விளக்கும் இல்லாத நல்ல இருட்டில் மீட்டர் 22ஐ ஒட்டிக் காட்டும். எங்கள் மாடியில் 18ஐத் தாண்டுவதே அரிது. நான்குதானே குறைவு என்று தோன்றலாம். ஆனால் அந்த நான்கு பொலிவெண், எங்கள் தலைக்கு மேல் உள்ள வானம் இயற்கையான இரவு வானத்தைவிட ஏறத்தாழ 40 மடங்கு ஒளிர்கிறது என்று பொருள்படும்.

22 என்பதும் முழு இருட்டு அன்று. பகலில் சூரியக் கதிரால் தூண்டப்பட்ட மேல்வளிமண்டல அணுக்கள் இரவெல்லாம் மெல்ல ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன, ஆக்சிஜனின் 557.7 நானோமீட்டர் அலைநீளப் பச்சை ஒளி அதில் முதன்மையானது. கோள்களின் பாதைத் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசி சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. பால்வழியும் தன் பங்கைச் சேர்க்கிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது மேல்வளிமண்டல ஒளிர்வு கூடுவதால், விளக்கே இல்லாத பாலைவனத்திலும் இரவு சற்று வெளுக்கும். ஆகவே, கொடைக்கானலில் பகலெல்லாம் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பதிவேடு, இரவை அளக்கும் எங்களுக்கும் தேவைப்படுகிறது.

அளக்கும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை; பொறுமைதான் வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்க வேண்டும்; நம் ஊரில் அதற்குச் சூரியன் மறைந்தபின் ஒன்றேகால் மணி நேரம் போதும். நிலா வானில் இருக்கக் கூடாது. மீட்டரை முன்கூட்டியே வெளியில் வைத்து, முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் ஐந்தாறு எண்களைக் குறித்துக்கொள்வேன். சித்திரை மாத முன்னிரவு இதற்கு மிக ஏற்றது. பால்வழி அப்போது உச்சியை விட்டு விலகி அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவது பௌர்ணமியன்று என்பதால் திருவிழாவுக்கும் என் அளவைக்கும் தகராறு வந்ததில்லை.

மேகம் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. மாடியில் மேகம் மூடிய இரவில் எண் சரசரவென்று குறையும், அதாவது வானம் இன்னும் வெளுக்கும். நகரத்து விளக்கொளியை மேகம் நமக்கே திருப்பி அனுப்புகிறது. விளக்கில்லாத காட்டிலோ அதே மேகம் விண்மீன்களை மறைத்து வானத்தைக் கறுப்பாக்கும். ஓர் ஊரில் வெளிச்சம் மிகுதியா இல்லையா என்பதை ஒரு துண்டு மேகமே சொல்லிவிடும்.

நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். அடுத்த அமாவாசையில் மீட்டர் முன்பைவிடச் சற்றே கூடுதலான எண்ணைக் காட்ட, “வானம் தேறுகிறது” என்று சிவப்பு மையில் எழுதி மாணவர்களிடமும் சொல்லிவிட்டேன். அன்றிரவே சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு அருகே அருந்ததியைத் தேடினேன், காணவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே மாடியிலிருந்து, கண்ணைச் சுருக்கியாவது, அதைப் பார்த்திருந்தேன்.

காரணம் விளங்கச் சில வாரங்கள் பிடித்தன. இருளுக்குப் பழகிய நம் கண் 507 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணரும்; 589 நானோமீட்டரை ஒட்டிய சோடியம் ஒளி அதற்கு மங்கலே. மீட்டரோ ஆரஞ்சு ஒளியை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். ஆகவே சோடியம் விளக்கு போனதை மீட்டர் பெரிதாகக் கணக்கில் எடுத்தது. எல்இடியின் வெள்ளை ஒளியில் கலந்துள்ள நீலம் வந்ததைக் கண் பெரிதாக உணர்ந்தது. போதாக்குறைக்கு, நீலத்தைப் போல அலைநீளம் குறையக் குறையக் காற்று ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதற்கான அதே காரணம்.

இதே சிக்கல் உலக அளவிலும் நடந்திருக்கிறது. இரவு வெளிச்சத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோளின் உணரி 500 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது நீல ஒளிக்கு, ஏறத்தாழக் குருடு. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரை, வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்து வருவதாகக் கணக்கிட்டது. செயற்கைக்கோள் காட்டிய வளர்ச்சி இதைவிட வெகுவாகக் குறைவு. பெரிய ஆய்வகங்களில் தொலைநோக்கியுடன் நிற வடிகட்டிகளைப் பொருத்தி, நீலம், பச்சை, சிவப்பு என்று தனித்தனியாக வானத்தை அளப்பதன் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களிடம் அந்த வசதி இல்லை. அதனால் ஏட்டில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: அருந்ததி தெரிந்ததா, இல்லையா. அதன் பொலிவெண் 4. நகர வானத்தைச் சோதிக்கப் பொருத்தமான எல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இருட்டு வேண்டுமே என்று சென்ற பங்குனி அமாவாசைக்கு எழுமலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள நண்பரின் தோட்டத்துக்குப் போனேன். மீட்டர் 21ஐத் தாண்டியது. கிழக்கே அடிவானத்தில் மதுரையின் வெளிச்சம், படுத்திருக்கும் யானைமலைபோலத் தாழ்வாகக் குவிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டார்ச்சுடன் வந்து, “என்ன தம்பி, செல் டவர் கரண்டையா அளக்குறீக?” என்று கேட்டார்.

“இல்லங்கய்யா, இருட்ட அளக்குறேன்” என்றேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். அருந்ததி தெரிகிறதா என்று கேட்டதற்கு, கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டியபோதே தெரிந்ததாகச் சொன்னோமே என்று சிரித்தவர், அண்ணாந்து பார்க்கவும் தயங்காமல் வடக்கே விரலை நீட்டினார். மோட்டார் அறைக் குண்டு பல்பையும் அவரே போய் அணைத்துவிட்டு வந்தார். அதன்பின் எடுத்த ஆறு எண்களையும் குறித்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் “தெரிந்தது, இருவருக்கும்” என்று எழுதினேன்.