ஜூன் ஃபோரே: கேட்டுக் குறித்தவை

மார்ச் 4
அமெரிக்கக் குரல் நடிகை ஜூன் ஃபோரே என்றதும் எல்லாரும் நேரே அவர் குரல் கொடுத்த கார்ட்டூன் பாத்திரமான ராக்கி என்ற பறக்கும் அணிலுக்குப் போய்விடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வானொலி. 1917-இல் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர், 12 வயதிலேயே வானொலி நாடகத்தில் பேசினார். அந்நாளைய நேரடி ஒலிபரப்பில் இரண்டாவது டேக் கிடையாது. தாள் சரசரத்தால் அதுவும் ஒலிபரப்பாகிவிடும். அதனால் ஸ்கிரிப்டில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் கழற்றிவிட்டு, வாசித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிடுவார்கள்.

மார்ச் 5
மைக் தூரம்: சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண், கிசுகிசுப்புக்கு நாலு விரல், கத்தலுக்கு ஒரு முழம். 'ப' வரும் இடத்தில் முகத்தைக் கொஞ்சம் சாய்த்தால் காற்று மைக்கில் அறையாது. கத்த ஆரம்பித்தபின் பின்வாங்குவதுதான் வழக்கமான தப்பு. முதல் அசை அதற்குள் கிழிந்திருக்கும். மூச்சு இழுக்கும்போதே நகர்ந்துவிட வேண்டும்.

மார்ச் 9
1959-இல் தொடங்கிய ராக்கி கார்ட்டூன் தொடரில் அணிலும் இவரே, உளவாளி நட்டாஷாவும் இவரே. சுருதியை மட்டும் ஏற்றினால் அணில் வராது, கொசுதான் வரும். குரல்வளை சற்று மேலே, வாய்க்குள் இடம் குறுகல், உதட்டில் சிரிப்பு: மூன்றும் சேர வேண்டும். நட்டாஷாவுக்கு நேர்மாறு: நெஞ்சிலிருந்து, இழுத்து, அந்நிய உச்சரிப்போடு. மாறும்போது சறுக்குவது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில். மூச்சு தீரும், குரல்வளை இறங்கும், அணிலுக்குள்ளிருந்து நடிகை எட்டிப் பார்ப்பார். வாயை மூடி ஒருமுறை எச்சில் விழுங்கி, அடுத்த பாத்திரத்தின் வாயமைப்போடே மூச்சை எடுத்தால் சரியாகும். ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டலாம், சுலபம்தான். ஆனால் எதிராளி பேசியதைக் கேட்காமலே பதில் சொல்வதுபோல் இருக்கும்.

மார்ச் 10
அமெரிக்க அனிமேஷனில் குரலைத்தான் முதலில் பதிவார்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் வாயசைவை அதற்கேற்ப வரைவார்கள். டப்பிங்கில் பழகியவர்கள் இன்னும் வரையப்படாத உதட்டுக்காகக் காத்திருந்து வேகத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்.

மார்ச் 13
சூனியக்காரிச் சிரிப்பு. 1952-இல் டிஸ்னி குறும்படத்துக்கு, பிறகு வார்னர் ஸ்டுடியோவின் கார்ட்டூன்களுக்கு. வயிற்றிலிருந்து சின்னச் சின்ன வெட்டாக, வெளிமூச்சில் மட்டும். தொண்டை அரித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதைக் கடைசியில் பதிவதே புத்தி. முதலில் சிரித்தால் அன்றைக்கு அணில் கிடைக்காது.

(வார்னர் படங்களில் வெகுகாலம் குரலுக்கு மெல் பிளாங்க் என்ற நடிகரின் பெயர் மட்டுமே, அவருடைய ஒப்பந்தம் அப்படி. அந்தக் காலப் படங்களில் ஃபோரே பெயரைத் திரையில் தேடிப் பயனில்லை.)

மார்ச் 16
மேட்டல் என்ற பொம்மை நிறுவனத்தின் சாட்டி கேத்தி பொம்மை: கயிற்றை இழுத்தால் உள்ளிருக்கும் குட்டி இசைத்தட்டு சுழன்று பேசும். குரல் இவருடையது. 1963-இல் ஒரு தொலைக்காட்சிக் கதையில் கொலைமிரட்டல் விடும் பொம்மைக்கும் இவரே பேசினார். கேட்டுப் பாருங்கள்: மிரட்டும்போதும் குரல் தடிக்கவில்லை, தாழவில்லை. உதட்டுச் சிரிப்பு அப்படியே இருக்கிறது.