வில்லோடு போகும் கைப்பக்குவம்

வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் மறைந்தால் குரலைப் பற்றித்தான் எழுதுகிறோம். கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நம்ம ஒழுகினசேரி கலைவாணர் 1957-லேயே போய்விட்டார். கோயில் கொடைவிழாவில் இருந்த வில்லைக் காந்தி கதைக்கும் வளைத்தவர். ஆண்கள் நிறைந்த மேடையில் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்த குமரி மாவட்டத்துப் பூங்கனியம்மா 2018-இல். பத்மஸ்ரீ சுப்பு ஆறுமுகம் ஐயா 2022 அக்டோபர் 10-இல்.

இனி அந்தக் கைக்கு வருவோம். முதலில், வில்லோடு சேர்த்துத் தட்டும் குடம். வைக்கோல் புரிமணையில் குடத்தை உட்காரவைத்து, வில்லின் முதுகை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு கையில் பத்தி என்கிற தட்டும் மட்டை, மறு கையில் காசு. பத்தி குடத்தின் வாயை மூடித் திறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்றுதான் 'கும்' என்று வரும். காசு பக்கத்தில் தட்டினால் 'டிங்'. பத்தி வாயை முழுக்க மூடாவிட்டால் 'கும்' கிடையாது, வெறும் சப்பென்ற அடிதான். மயிரிழை விரிசல் விழுந்த குடம் காசிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மைக் வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

உடுக்கை வேறு மாதிரி. நடுக்கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். நடுச்சாமப் பனியில் தோல் தொய்ந்தால் கயிறு மட்டும் போதாது, தணலில் காட்டணும். கிட்டே காட்டினால் கிழிந்துவிடும்.

எவ்வளவு தூரத்தில் பிடிப்பது? அதை எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. வில்லில் பாடும் இசக்கியம்மன் கதையின் வரிகளாவது பதிவில் கிடைக்கும்.