மக்களவைக்கு மனு: கையெழுத்துத் தாளில் ஏமாறாதீர்கள்

மனு ஒருவழியாக டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டது. வெற்றுத்தாள்களில் வாங்கி வீணாய்ப்போன கையெழுத்துகளை நினைத்தால்தான் இன்னமும் வயிறு எரிகிறது.

கோரிக்கை பழையது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த எங்கள் மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பேசக்கூடிய கருவி படகுகளுக்கு வேண்டும் என்று அமைச்சர்களுக்கு எழுதி அலுத்துவிட்டோம். அந்த அமைச்சரவை பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது மக்களவைக்குத்தானே, அங்கேயே கேட்போம் என்று தூத்தூர், வள்ளவிளை ஊர்க்காரர்கள் சிலர் கூடி முடிவெடுத்தோம்.

நாகர்கோவிலில் மனு எழுதித் தரும் ஒருவரைப் பிடித்தோம். இதெல்லாம் தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றார். பிரதமரை விளித்து எழுதினார். பிரமாண வாக்குமூலம், பத்திரிகை நறுக்குகள், இறப்புச் சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் கோத்தார். போகிற போக்கில் தூண்டில் வளைவையும், அதாவது கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் போடும் கல் தடுப்பு வேண்டும் என்பதையும், சேர்த்துவிட்டார். கையெழுத்துக்கு வெற்றுத்தாள் போதும் என்றதும் அவர்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களிடம் கட்டுக்கட்டாக வாங்கினோம்.

குழித்துறையில் வக்கீலாக இருக்கும் என் மைத்துனர் மக்களவை நடைமுறை விதிகளைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மனு மக்களவையையே விளித்து இருக்க வேண்டும். கடிதம், வாக்குமூலம், வேறு ஆவணம் எதையும் இணைக்கவே கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயத்துக்கு அங்கே இடமில்லை; எனவே தூண்டில் வளைவு அடிபட்டது. கடல் எல்லைக்கு அப்பால், அதாவது 12 கடல் மைலுக்கு வெளியே நடக்கும் மீன்பிடிப்பு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் மத்தியப் பட்டியலில் இருப்பதால் எங்கள் முக்கியக் கோரிக்கை தப்பியது. கையெழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில் போனால் ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டுமாம். எங்கள் கட்டு மொத்தமும் குப்பை! எழுதிக் கொடுத்தவரோ, "டெல்லியில் யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். வாங்கிய கூலியைத் திருப்பித் தரவில்லை.

மறுபடி கையெழுத்து வாங்கப் போனால் பாதிப் பேர் கடலில். கொச்சியில் கரை சேர்ந்து அவர்கள் ஊர் திரும்பும்வரை காத்திருந்தோம். தமிழில் எழுதினால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அதிலும் மனுதாரர் கையொப்பமிட வேண்டும். இதை முன்கூட்டியே கவனித்ததால் ஓர் அலைச்சல் மிச்சம். கையெழுத்துப் போடாதவர்களின் பெருவிரல் ரேகையும் செல்லும். முழுப் பெயர், முகவரி மட்டும் விடுபடக்கூடாது.

எம்.பி. ஒருவர் மேலொப்பமிட்டுத் தந்தார். அதில் சிக்கல் இல்லை. மனுக்களை ஆராயும் குழுவில் குறைந்தது 15 உறுப்பினர்கள் இருப்பார்கள், அமைச்சர்களுக்கு அதில் இடம் கிடையாது என்று மைத்துனர் சொன்னது கொஞ்சம் தெம்பு தந்தது. குழுவால் உத்தரவு போட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அமைச்சகம் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும் அல்லவா, அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்கிறோம். தூண்டில் வளைவுக்குச் சட்டமன்றத்துக்குத் தனி மனு தயாராகிறது. இந்த முறை எழுதுவது மைத்துனர்.