சினையோடு ஏறி வரும் டிரவுட்

நியூசிலாந்தில் டிரவுட் மீனைக் காசு கொடுத்து வாங்க முடியாது. விற்பது சட்டப்படி குற்றம். எந்த உணவகத்தின் மெனுவிலும் அது இருக்காது. உரிமம் எடுத்து ஆற்றில் பிடித்தவரே கொண்டு வந்து கொடுத்தால் சமைத்துத் தரலாம், அவ்வளவுதான். டூராங்கியில், டோங்கரிரோ ஆற்றையொட்டிய விடுதியில் சமையல் வேலை பார்க்கும் எனக்கு டிரவுட் கைக்கு வருவது இப்படித்தான்.

அதிகம் வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. இங்கே அது குளிர்காலம். டௌப்போ ஏரியில் வளர்ந்த ரெயின்போ டிரவுட் முட்டையிட ஆற்றில் ஏறும் காலமும் அதுதான். மழை பெய்து ஆறு பெருகினால் மீன் ஏறும்; கூடவே விருந்தினர்களும் வந்துவிடுவார்கள். தூண்டிலில் பலர் கட்டுவது டிரவுட் முட்டை மாதிரியே செய்த ஆரஞ்சு நூல் உருண்டை.

வயிற்றைக் கீறினாலே ஆற்றில் அது எத்தனை நாள் இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். ஏரியிலிருந்து புதிதாக ஏறியது வெள்ளியாக மின்னும். சதை நல்ல சிவப்பு, சினை சவ்வுக்குள் இறுக்கமாக இருக்கும். நாளான மீன் கறுத்து, சதை வெளிறி, ஜவ்வரிசி போல முட்டை பொலபொலவென்று உதிரும். தின்றதெல்லாம் சினைக்குப் போய்விட்டதால் அதில் ருசியும் இல்லை.

"சினை மீனைக் கொல்வது பாவமில்லையா?" என்று உடன் வேலை செய்யும் தம்பி கேட்டான். கோடையில் ஏரியில் பிடிபடும் பெட்டை மீனும்தான் இனி முட்டையிடப் போவதில்லை, அதற்கு யாரும் வருந்துவதில்லையே என்றேன். பெருகிவிட்டால் இரை போதாமல் மீன் இளைத்துப்போகும். 1910களில் அரசாங்கமே வலை போட்டு அள்ளியிருக்கிறது. போதாததற்கு இது கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மீன். மாவோரி மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்ட கோவாரோ என்ற சின்ன மீனை இந்த ஏரியில் ஒடுக்கியதே இதுதான். அதனால் ஏறி வரும் வழியில் ஆழமான மடுவில் ஒன்றைப் பிடித்துச் சாப்பிடுவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஆனால் கூழாங்கல் படுகையில் ஜோடி சேர்ந்து நிற்கிற மீனைப் பிடிப்பது வேறு விஷயம். பெட்டை ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்துக் கல்லைத் தோண்டும். முட்டையிட்டதும், ஆண் விந்தைப் பாய்ச்சியதும், சற்று மேலே போய்த் தோண்டி அந்தக் கல்லாலேயே குழியை மூடும். வேறெதிலும் கவனம் இல்லாமல் நிற்கிற அந்த நேரத்தில் அதன் வாயில் தூண்டிலை மாட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன் என்கிறார்கள். மீனை விட்டது சரி, காலடியில் மிதிபட்ட முட்டைகள்? மான்டானாவில் 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், முட்டைக்குழிமேல் தினம் இருமுறை நடந்தபோது 96 சதவீதம் வரை முட்டையும் குஞ்சும் செத்தன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒருமுறை நடந்ததற்கே 43 சதவீதம் வரை போயிற்று.

குளிர்காலத்தில் ஆற்றின் மேல்பகுதியில் மீன்பிடிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள், நல்லது. கீழேயும் சில மீன்கள் முட்டையிடும். அங்கே சட்டம் கையைப் பிடிக்காது. ஆகவே காலைச் சாப்பாடு பரிமாறும்போதே விருந்தினர்களிடம் சொல்லிவிடுகிறேன்: சுற்றியுள்ள கல் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவில் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்த திட்டு தெரிந்தால் அதுதான் முட்டைக்குழி, கரையேறிச் சுற்றிப் போங்கள். பல வருடமாக மீன்பிடிப்பவர்களிலும் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவுடன் முக்கால்வாசிப் பேர் சொன்னபடி கேட்கிறார்கள்.