தவிட்டு மூட்டை

பிசான நெல் அறுவடை முடிந்தால் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். ரைஸ்மில்லில் இருந்து குருணையும் தவிடும் வந்துவிடும். இந்தத் தடவை ஆசைப்பட்டு நாலு மூட்டைத் தவிடு வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் சிக்கு வாடை. கோழிகள் அலகால் கிளறிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகிறது.

“ஏல, தவிடு என்ன நெல்லா, குதிர்ல போட்டு வைக்க?” என்று ஆச்சி சிரித்தாள். சரிதான்.

இப்போது அவ்வப்போது ஒரு மூட்டைதான். வளரும் கோழிக்குத் தீவனத்தில் 16 சதவீதம் புரதமாவது வேண்டும்; தவிட்டில் 12, 13தான் தேறும். புரதம் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் சேர்த்தால் சரிக்கட்டிவிடலாம். பூஞ்சை பிடித்த கட்டி மட்டும் வேண்டாம், ஈரலைக் கெடுத்துவிடும்.

காறிய தவிடு உரக்குழிக்குப் போயிற்று. அங்கேயும் போய்க் கிளறிக்கொண்டு நிற்கிறது அந்தக் கறுப்புப் பெட்டை.