நியூ ஜெர்சியின் மூன்றடுக்கு ஸ்லாப்பி ஜோ

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் ஸ்லாப்பி ஜோ கேட்டால், தக்காளிச் சாறு சேர்த்து வேகவைத்த கொத்துக்கறியைப் பன்னுக்குள் அள்ளி வைத்துச் சூடாகத் தருவார்கள். நியூ ஜெர்சியின் வடபகுதியில், அதிலும் சவுத் ஆரஞ்ச், மேப்பிள்வுட், மில்பர்ன் ஆகிய ஊர்கள் அடங்கிய எசெக்ஸ் கவுன்ட்டியில், அதே பெயரில் கிடைப்பது முற்றிலும் வேறான பண்டம்: ரை என்னும் தானியத்தின் மாவில் சுட்ட மெல்லிய ரொட்டித் துண்டுகள் மூன்று, அவற்றின் இடையே இரண்டு அடுக்குகளாக இறைச்சி, ஸ்விஸ் சீஸ், கோல்ஸ்லா எனப்படும் முட்டைக்கோஸ் சாலட், ரஷ்யன் டிரெஸ்ஸிங் என்ற மயோனைஸ் கலவை. குளிர்ச்சியாகவே உண்ணப்படும் இந்தச் சாண்ட்விச்சை நான் வீட்டில் அடிக்கடி செய்கிறேன். இதன் தரத்தைத் தீர்மானிப்பவை ரொட்டியின் கனமும் முட்டைக்கோஸில் எஞ்சியிருக்கும் நீரும்தான். இறைச்சி அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

சவுத் ஆரஞ்சில் 1927இல் தொடங்கப்பட்ட டவுன் ஹால் டெலி என்ற இறைச்சி, சாண்ட்விச் கடை, இதைத் தானே உருவாக்கியதாகச் சொல்கிறது. அக்கடையார் சொல்லும் வரலாற்றின்படி, 1930களில் மேப்பிள்வுட் மேயராக இருந்தவர் கியூபாவின் ஹவானா நகருக்குச் சென்றபோது, அங்கே ஸ்லாப்பி ஜோஸ் என்ற மதுக்கூடத்தில் உண்ட சாண்ட்விச் மிகவும் பிடித்துப்போய், ஊர் திரும்பியதும் அதுபோல் ஒன்றைச் செய்து தரும்படி கேட்டாராம். அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில் மக்கள் ஹவானாவுக்குத் திரளாகச் சென்றதும், அந்த மதுக்கூடம் அவர்களிடையே பெரும்பெயர் பெற்றிருந்ததும் உண்மையாதலால், கதை நம்பத் தக்கதாகவே இருக்கிறது. அக்கடையின் பழைய முறையில் ஹாம் எனப்படும் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியும், வேகவைத்துத் தோலுரித்த மாட்டு நாக்கும் இடம்பெற்றன. இன்று வான்கோழி, ரோஸ்ட் பீஃப், மசாலா தடவிப் புகையூட்டிய மாட்டிறைச்சியான பாஸ்ட்ராமி ஆகியவற்றில் விரும்பிய இரண்டைச் சேர்த்துத் தருகிறார்கள்.

ரொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பார்வைக்குச் சீரகத்தை ஒத்த கேரவே விதைகள் கலந்த, செவ்வக அச்சில் சுட்ட ரை ரொட்டியே இதற்கு உரியது. வெட்டாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்திருந்தால் அது சற்றே இறுகி, நொறுங்காமல் வெட்ட இடம் தரும். ஒவ்வொரு துண்டும் அரை சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. கடைகளில் ஏற்கெனவே வெட்டி விற்கும் ரொட்டி ஏறத்தாழ இருமடங்கு கனமாக இருப்பதால், அதில் மூன்று துண்டுகளை அடுக்கினால் வாயில் ரொட்டி மட்டுமே தெரியும்.

அடுத்தது கோல்ஸ்லா. பலரும் இதைத் துணைக்கறியாக எண்ணிக் கடையில் கிடைக்கும் டப்பாவை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அந்தச் சாண்ட்விச் அரை மணி நேரத்தில் ஊறிக் குழைந்துவிடும். அரை கிலோ முட்டைக்கோஸை மயிரிழை போல நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறி, வடிதட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு நீரை வெளியே இழுத்துக்கொள்வதால் மொரமொரவென்றிருந்த கோஸ் துவண்டு, அளவில் பாதியாகச் சுருங்கும். அதைக் கைப்பிடி கைப்பிடியாக மெல்லிய துணியில் இட்டு முறுக்கினால், இளம்பச்சை நிற நீர் முதலில் ஒழுக்காகவும் பிறகு சொட்டுச் சொட்டாகவும் வெளியேறும். சொட்டுவது நிற்கும்வரை பிழிந்த பின்னரே இரண்டு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இதற்கு மேல் மயோனைஸ் தேவையில்லை, ஏனெனில் டிரெஸ்ஸிங்கிலும் அதுதான் இருக்கிறது.

ரஷ்யன் டிரெஸ்ஸிங், பெயர் எப்படியிருந்தாலும், அமெரிக்காவில் பிறந்ததுதான். ஒரு கோப்பை மயோனைஸுக்குக் கால் கோப்பை கெச்சப், துருவிய வெங்காயம் ஒரு மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷைர் சாஸ் ஒரு தேக்கரண்டி, துருவிய ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு இரண்டு தேக்கரண்டி. ஹார்ஸ்ராடிஷ் கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தது. புதிதாக அரைத்த கடுகைப் போலவே அதன் நெடி மூக்கில் ஏறும். அந்தக் காரம் இல்லாவிட்டால் இனிப்பும் கொழுப்பும் மட்டுமே மிஞ்சும்.

அடுக்கும் முன் ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும். நடுத்துண்டுக்கு இருபுறமும், மற்ற இரண்டுக்கும் உட்புறமும் ஓரம்வரை மெலிதாகத் தடவினால், அந்தக் கொழுப்புப் படலம் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். பிறகு கீழ்த்துண்டின் மேல் ஓர் இறைச்சி, ஒரு ஸ்விஸ் சீஸ், ஒரு விரற்கடைக்குக் குறைவாகக் கோல்ஸ்லா, அதன்மேல் டிரெஸ்ஸிங். நடுத்துண்டை வைத்து, இரண்டாவது இறைச்சியுடன் அதே வரிசை. டெலியில் இறைச்சி வாங்கும்போது, அடியில் இருக்கும் காகிதம் தெரியும் அளவுக்கு மெலிதாகச் சீவித் தரும்படி கேட்பது நல்லது. தடித்த துண்டு கடிக்கும்போது முழுதாக உருவிக்கொண்டு வெளியே வந்து, மற்ற அடுக்குகளையும் குலைத்துவிடும்.

மேல்துண்டை மூடி உள்ளங்கையால் சமமாக அழுத்தி, மெழுகுக் காகிதத்தில் இறுக்கமாகச் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெண்ணெய் உறைந்து அடுக்குகளைப் பிடித்துக்கொள்வதால், பல்லுள்ள நீண்ட கத்தியை அழுத்தாமல் அறுப்பது போல இழுத்து வெட்டினால் பக்கவாட்டில் எல்லா நிறங்களும் தனித்தனியாகத் தெரியும். முன்கூட்டியே செய்து வைக்க முடிவதால்தான், அப்பகுதியில் பட்டமளிப்பு விருந்து முதல் துக்க வீடு வரை தட்டுத் தட்டாக இதை வரவழைக்கிறார்கள். மயோனைஸும் இறைச்சியும் சேர்ந்திருப்பதால், பரிமாறிய பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

பன்றியோ மாடோ உண்ணாதவர்கள் இரண்டு அடுக்குகளிலும் வான்கோழியே வைக்கலாம். டெலிகளிலும் அப்படிக் கேட்டு வாங்குவோர் உண்டு. வான்கோழியின் சுவை மென்மையானது என்பதால், அப்போது மட்டும் டிரெஸ்ஸிங்கில் ஹார்ஸ்ராடிஷை இன்னொரு தேக்கரண்டி கூட்டிக்கொள்கிறேன்.