தடைக்காலத்துக்கு முன் ஒரு ஃபைனல்

மார்ச் 31, 2025, திங்கள்

இன்று ரம்ஜான். மத்தியானம் நான் பயிற்சி கொடுக்கும் வாலிபால் டீமின் லிபரோ, அதாவது ஸ்மாஷ் அடிக்காமல் பின்வரிசையில் பந்தை வாங்குபவள், ஒரு டப்பா நிறைய பிரியாணியோடு வீட்டுக்கு வந்தாள். "சாயங்காலம் பிராக்டிஸ் இருக்காக்கா?" பெருநாள் அன்றைக்கு என்னடி பிராக்டிஸ் என்றேன். அவள் கவலை வேறு. கொரியாவின் வாலிபால் லீகான வி-லீகில் பெண்கள் ஃபைனல், ஐந்து மேட்ச் தொடர், இன்று ஆரம்பிக்கிறதாம், மெகாவதி ஆடுகிறாளாம்.

மெகாவதி இந்தோனேசியாவின் ஜெம்பர் ஊர்ப் பெண். ஆசிய வீராங்கனைகளுக்கு என்று வி-லீக் தனியாக ஓர் இடம் ஒதுக்கிய 2023இல் ரெட் ஸ்பார்க்ஸ் அணிக்குப் போனவள். 185 செ.மீ. உயரம், வலது பக்கம் நின்று அடிப்பவள். நம்மூரில் அந்த இடத்துக்கு யுனிவர்சல் என்று பேர். தலையில் முக்காட்டோடுதான் ஆடுவாள். எங்கள் லிபரோவுக்கு அது போதும். அவளுடைய பெரியம்மா, "ஆட்டமெல்லாம் பத்தாவதோட சரி" என்று சொல்லும்போதெல்லாம் இவள் பதில் பேசாமல் போனை எடுத்து மெகாவதியைக் காட்டுவாளாம்.

நான் எதிர்க்கட்சி. ரெட் ஸ்பார்க்ஸோடு மோதும் ஹுங்குக் லைஃப் அணியின் பக்கம், அதாவது அதில் ஆடும் கிம் யோன்-கியோங் பக்கம். 37 வயது, இந்த சீசனோடு ஓய்வு என்று பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார். முதல் மேட்ச் ஹுங்குக்குக்கு, 3-0. லிபரோ முகம் தொங்கிப்போய் வீட்டுக்குப் போனாள். பிரியாணி பிரமாதம்.

ஏப்ரல் 3, வியாழன்

காசிமேட்டு கிரவுண்டில் எங்களுக்கும் பையன்களுக்கும் ஒரே வலைதான். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அந்த 19 சென்டிமீட்டருக்காக நாங்கள் போடும் சண்டை ஹார்பர் வரை கேட்கும். அவர்கள் ஏற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள், நாங்கள் வந்து இறக்க வேண்டும். உப்புக்காற்றில் இறுகிப்போன முடிச்சை அவிழ்ப்பதற்குள் வெளிச்சம் பாதி போய்விடும்.

இன்றைய சண்டை அதுவல்ல. டீமில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண்ணோடு. ஒன்பதாம் வகுப்பு, அதற்குள் என்னைவிட உயரம். அவளை நான் இன்னும் வலைப்பக்கம் நிறுத்தவில்லை. தினமும் பின்வரிசையில் சர்வீஸ் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இன்று பந்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாக்கா, வாங்கிக்கினே இருக்கணுமா? எப்போதான் அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டாள்.

நம்மூரில் உயரமான பெண் கிடைத்தால் மறுநாளே ஸ்மாஷ் அடிக்க நிறுத்திவிடுவார்கள். ஜோனல் மேட்ச் வரை அது ஓடும். மாநில அளவுக்குப் போனதும் எதிரணி பார்த்துப் பார்த்து அவள் மேலேயே சர்வீஸ் போடும். வாங்கும் முதல் பந்தே சிதறும், அடிக்கப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் அதன் பின்னால் ஓடுவாள், நெட்டைகள் எல்லாம் பெஞ்சுக்கு வருவார்கள். அப்படிப் பாதியில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவளை உட்கார வைத்து கிம் கதையைச் சொன்னேன். பள்ளியில் அவர் குள்ளம். அதனால் செட்டர், லிபரோ என்று மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள், ஸ்மாஷ் பக்கமே விடவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் 20 செ.மீ.க்கு மேல் கிடுகிடுவென வளர்ந்தார், கடைசியில் 192. லிபரோ மாதிரி வாங்கவும் தெரிந்து, அந்த உயரத்திலிருந்து அடிக்கவும் தெரிந்த ஆளை யார் என்ன செய்ய முடியும்? 2005-06இல் முதல் சீசனிலேயே லீகின் சிறந்த வீராங்கனை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 207 புள்ளிகள். கொரியா நான்காவதாக வந்தும் தொடரின் சிறந்த வீராங்கனை பட்டம் அவருக்குத்தான். பதக்கம் வாங்காத அணியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார்கள்!

நெட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் ஏற்கெனவே வளந்துட்டனேக்கா" என்றாள். சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. போய் வாங்கு என்றேன்.

நேற்றைய மேட்சில் ஹுங்குக் முதல் இரண்டு செட்டை விட்டு, அப்புறம் 3-2இல் ஜெயித்தது.

ஏப்ரல் 5, சனி

நேற்று நேர்மாறு. ஹுங்குக் 2-0 என்று முன்னிலையில் இருந்து 3-2இல் தோற்றது. லிபரோ இன்று என் கண்ணெதிரே ஒரு சுற்று அதிகமாக ஓடினாள், வேண்டுமென்றே.

ஏப்ரல் 7, திங்கள்

மறுபடியும் 3-2, மறுபடியும் ரெட் ஸ்பார்க்ஸ். தொடர் 2-2. எனக்குப் பயம் வந்துவிட்டது, காரணம் இருக்கிறது. 2022-23 ஃபைனலிலும் ஹுங்குக் முதல் இரண்டு மேட்ச் ஜெயித்து அடுத்த மூன்றையும் விட்டது. அடுத்த வருஷமும் ஃபைனல் வரை வந்து தோற்றது. கிம் கடைசியாக அங்கே லீக் பட்டம் வென்றது 2008-09இல்.

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். பக்கத்து சீட்டு அண்ணன், "அந்தம்மா எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். விளையாடுகிறவள் என்றால் ஏதாவது ஒரு டிபார்ட்மெண்டில் இருக்கத்தானே வேண்டும்! நானே ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள்தான். தேசியப் போட்டி ஃபைனலில் ரயில்வேயும் கேரளாவும் எத்தனை முறை மோதியிருக்கின்றன! அந்த ரயில்வே பெண்கள் எல்லோருக்கும் ஒரு சீட்டும் ஒரு ஃபைலும் உண்டு. கேம்ப் முடிந்தால் ஃபைலுக்குத் திரும்ப வேண்டும்.

குறை சொல்லவில்லை. என் வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் அந்த வேலையில்தான் நடந்தன. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வேலை ஆர்டர் கையில் வந்த வருஷத்தோடு நிறையப் பேருக்கு ஆட்டம் நின்றுவிடும். வேலைக்காகத்தான் ஆட்டம் என்றால் வேலை வந்த பிறகு முட்டியை எதற்குத் தேய்க்க வேண்டும்? கிம்முக்கு அப்படி ஒரு வேலை இல்லை, ஆட்டமே வேலை. ஜப்பான், துருக்கி, ஷாங்காய் என்று போனார். ஃபெனர்பாசே அணிக்காக 2012இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தார். 2020இல் தன்னால் அணியில் மற்றவர்களுக்குச் சம்பளம் குறையக் கூடாது என்று தன் சம்பளத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு தன் பழைய அணியான ஹுங்குக்குக்கே திரும்பினார். நம் ஆண்களுக்காவது 2022இலிருந்து பிரைம் வாலிபால் லீக் இருக்கிறது. அதற்கும் எத்தனையோ வருஷம் முன்னால் கேரளத்து வீரர் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியில் ஆடினார். பெண்களுக்கு இங்கே அப்படி ஒரு லீகும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

கிம் ஜெயித்துவிட்டார்! ஐந்தாவது மேட்ச், ஐந்தாவது செட், 15-13. 34 புள்ளிகள். 37 வயதில், அதுவும் கடைசி மேட்சில். ஃபைனலின் சிறந்த வீராங்கனை, ஒருமனதாக.

நான் பார்த்தது யூடியூப் துண்டுகள்தான். எல்லோரும் அந்த ஸ்மாஷ்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர் பின்வரிசையில் குனிந்து பந்தைத் தூக்கும் இடங்கள்தான் வேண்டும். அவற்றை மட்டும் நிறுத்தி நிறுத்தி நெட்டைக்குக் காட்டினேன். மூன்றாவது முறை, "பந்து வர்றதுக்கு முன்னாடியே கால் போயிருச்சுக்கா" என்று அவளாகவே சொன்னாள். ஒரு வாரமாக நான் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான்.

லிபரோ தோல்வியைக் கௌரவமாக ஏற்றுக்கொண்டாள். மெகாவதி அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்புகிறாளாம், அதுதான் அவளுக்கு வருத்தம். அம்மாவுக்காக ஆட்டத்தை விட்டுவிட்டு வரும் பெண்களை எங்கள் தெருவிலேயே காட்டலாம். மெகாவதி ஆடிக் கைநிறையச் சம்பாதித்துவிட்டு வருகிறாள், அதுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக்கிடக்கிறது. கடலுக்குப் போகாத அப்பாக்கள் கிரவுண்டுப் பக்கம் எட்டிப்பார்க்கும் காலம் இது.

நெட்டையின் அப்பாவும் வந்தார். சுவரோரம் நின்று முழு பிராக்டிஸும் பார்த்துவிட்டு, "மேடம், இவ உயரத்துக்கு வேல கிடைச்சிருமா?" என்றார். உயரத்துக்குக் கிடைக்காது, ஆட்டத்துக்குக் கிடைக்கலாம், அதுவும் மாநில அணி, தேசியப் போட்டி என்று போய் சர்டிபிகேட் இருந்தால்தான் என்றேன். எத்தனை வருஷம் ஆகும் என்றார். காலேஜ் முடிகிற வரை ஆகும் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். கொரியா கதையை நான் எடுக்கவில்லை. அதை அவளே வீட்டில் சொல்லியிருக்கிறாள் போல. "அந்த ஊர்ல ஆடுறதுக்கே சம்பளமாமே?" என்றார். ஆமாம் என்றேன். "நம்மூர்லயும் வருமா?" தெரியாதுண்ணே என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். வெயில் ஏறுகிறதே, பிராக்டிஸைக் காலை ஐந்தரைக்கு மாற்றினால் இரண்டு மாசமும் நானே கூட்டிவந்து விடுகிறேன் என்றார். மற்ற வீடுகளிலும் கேட்க வேண்டும். விடிகாலையில் பையன்கள் வர மாட்டார்கள், வலையும் எங்களுக்கே. பெரியமேட்டுக் கடையில் முட்டி பேட் என்ன விலை என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும். நெட்டை கடைசியாகப் போட்ட டைவில் முழங்காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.